திருவனந்தபுரத்தில் ஆங்கில இலக்கியக் கல்வி: தமிழர் கண்ட பயன்

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் குடியிருப்பு இல்லங்கள் பலவற்றிலும் ஒரு வினா எழுவதுண்டு. "பிள்ளை ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்க விரும்புகிறான், அதனால் விளையும் பயன் யாது?" என்பதே அவ்வினா. தந்தையார் பொறியியலைச் சுட்டுவார், தாயார் வங்கித் தேர்வை நினைப்பூட்டுவார், பாட்டனாரோ, "தமிழைப் பிழையின்றி எழுத அறியாத பிள்ளைக்கு ஷேக்ஸ்பியர் எதற்கு?" என்பார். மூவர் கூற்றிலும் பரிவு உண்டு என்பதில் ஐயமில்லை. எனினும் இவ்வினாவிற்கு விடை காண விரும்புவோர் வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் இத்திருவனந்தபுர நகரின் கல்வி வரலாறே தக்க விடை கூறும். அவ்வரலாற்றில் நம்மைப் போலக் குடிபெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பத்தார்க்குச் சிறந்ததோர் இடம் உண்டு. அதனை ஈண்டுச் சிறிது காண்போம்.

பள்ளி கல்லூரியான வரலாறு

திருவிதாங்கூர் அரசு கல்விக்கு முதலிடம் தந்த அரசு. அரசி கௌரி பார்வதி பாயி 1817-ஆம் ஆண்டிலேயே, மக்களின் கல்விச் செலவை அரசு ஏற்றல் வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். அவ்வழி வந்த சுவாதித் திருநாள் மகாராஜா, இசையில் வல்லவராய் விளங்கியதோடு ஆங்கிலக் கல்வியிலும் ஆர்வம் மிக்கவர். அவர் 1834-இல் ராபர்ட்ஸ் என்னும் ஆங்கிலேயரைத் தலைமையாசிரியராகக் கொண்டு இந்நகரில் ஓர் ஆங்கிலப் பள்ளியை நிறுவினார். மெக்காலே பிரபு இந்தியாவிற்கு வந்திறங்கியதும் அவ்வாண்டே. ஆங்கிலக் கல்வியை வற்புறுத்தும் அவருடைய புகழ்பெற்ற குறிப்பு எழுந்ததோ அதற்கு அடுத்த ஆண்டில், 1835-இல். ஆகவே, மெக்காலே எழுதியதால்தான் ஆங்கிலம் இந்நகருக்கு வந்தது என்று கூறுதல் பொருந்தாது.

சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் 1857-இல் பல்கலைக்கழகங்கள் தோன்றின. திருவனந்தபுரத்துப் பள்ளி 1866-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்க் கல்லூரியாக உயர்ந்தது. ஜான் ராஸ் என்பவர் அதன் முதல்வரானார். மகாராஜா கல்லூரி என அந்நாளில் வழங்கப்பெற்ற அக்கலைக்கூடமே இன்று பாளையத்தை அடுத்து நாம் நாள்தோறும் கடந்து செல்லும் யூனிவர்சிட்டி காலேஜ் ஆகும்.

இவ்விடத்தில் வியப்பிற்குரிய செய்தி ஒன்றைக் குறித்தல் வேண்டும். லண்டன் மாநகரின் யூனிவர்சிட்டி காலேஜில் 1828-இலேயே ஆங்கிலப் பேராசிரியர் பதவி ஏற்பட்டது உண்மையே. ஆயினும் பழம்பெருமை வாய்ந்த ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் தனித்ததொரு சிறப்புப் பாடமாக ஏற்கப்பெற்றது 1894-இல்தான். கேம்பிரிட்ஜிலோ 1917 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அங்கெல்லாம் கிரேக்கமும் இலத்தீனுமே உயர்கல்வி எனக் கருதப்பட்டன. இந்தியாவிலோ, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. வகுப்பில் எத்துறையை எடுத்த மாணவனும் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பயின்றே தீரவேண்டும் என்ற நிலை அதற்கு முன்பே ஏற்பட்டுவிட்டது. ஆங்கிலேயன் தன் நாட்டில் பாடமாக்கத் தயங்கிய இலக்கியத்தை நம் நாட்டில் கட்டாயப் பாடமாக்கினான்.

இஃது ஏன்? கௌரி விசுவநாதன் என்னும் அறிஞர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதற்கு விடை கூறியுள்ளார். ஆளப்படுவோர் உள்ளத்தைப் படையினால் வெல்லுதல் அரிது. இலக்கியத்தினால் வெல்லுதல் எளிது என்று ஆட்சியாளர் கருதினர் என்பது அவர் கருத்து. அரசு அலுவலகங்களுக்கு எழுத்தர்களும் அதிகாரிகளும் தேவைப்பட்டனர் என்பதும் மறுக்கலாகாது. இக்கல்வி நமக்கு நன்மை செய்யும் ஒரே நோக்கத்தோடு வந்ததன்று. ஆயினும் விதைத்தவன் எண்ணம் ஒன்று. நிலம் விளைவித்தது வேறு.

1891-ஆம் ஆண்டின் இரு நூல்கள்

மகாராஜா கல்லூரியின் வரலாற்றில் 1891-ஆம் ஆண்டு பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது. அக்கல்லூரியில் கற்ற இருவர் அவ்வாண்டில் ஆளுக்கொரு நூலை வெளியிட்டனர். ஒன்று தமிழில் எழுந்த 'மனோன்மணீயம்'. மற்றொன்று மலையாளத்தில் எழுந்த 'மார்த்தாண்டவர்மா'. முன்னதன் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை, பின்னதன் ஆசிரியர் சி. வி. ராமன் பிள்ளை.

சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். அவர்தம் முன்னோர் மதுரையிலிருந்து திருவிதாங்கூரில் குடியேறியவர்கள். நம் குடியிருப்பில் வாழும் குடும்பங்களைப் போன்றே, வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்தவர் அவர். அவருக்கு வாய்த்த ஆசிரியர் இருவரை நாம் மறத்தலாகாது. ஒருவர், கல்லூரியில் தத்துவம் கற்பித்த ராபர்ட் ஹார்வி. மற்றொருவர், தமிழ் கற்பித்த நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை. பின்னாளில் மறைமலையடிகளுக்கும் ஆசானாக விளங்கியவர் இவரே. ஹார்வி ஒரு கதவைத் திறந்தார். நாராயணசாமிப் பிள்ளை மற்றொரு கதவைத் திறந்தார். இரு கதவும் திறந்த வீட்டில்தான் காற்று ஓடும்.

ஹார்விக்குப் பின் அக்கல்லூரியிலேயே தத்துவப் பேராசிரியராக அமர்ந்த சுந்தரம் பிள்ளை, ஆங்கிலத்தில் லிட்டன் பிரபு 1866-இல் வெளியிட்ட கதைப்பாடல் தொகுதியிலிருந்து 'மறைவழி' என்னும் பொருள்பட்ட தலைப்புடைய ஒரு கதையைத் தம் நாடகத்திற்கு முதலாகக் கொண்டார். அரசகுமாரி ஒருத்தியும் அரசகுமாரன் ஒருவனும் ஒருவரையொருவர் நேரிற் காணாது கனவிலே கண்டு காதல் கொள்ளும் கதை அது. அக்கதையும் லிட்டன் தாமே புனைந்ததன்று. மகா அலெக்சாந்தர் காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் கூறியதாக, எகிப்து நாட்டில் பிறந்த அதினேயஸ் என்னும் கிரேக்க நூலாசிரியர் எழுதிவைத்த பழங்கதை அது. ஆசியாவின் உள்நாட்டிலே வழங்கிய கதை கிரேக்க மொழி புகுந்து, பல நூற்றாண்டுகள் கடந்து ஆங்கிலம் ஏறி, முடிவில் திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்ப் பேராசிரியரின் எழுதுகோல் வழியாகப் பாண்டியன் அரண்மனைக்கு வந்து சேர்ந்தது! 'உலக இலக்கியம்' என்ற சொற்றொடருக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஆசிரியர் அக்கதையை மொழிபெயர்த்துவிட்டு அமையவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. லிட்டனின் கதைமாந்தர் மறைந்து, பாண்டியன் சீவகன் தோன்றுகிறான். சூழ்ச்சியே வடிவான அமைச்சன் குடிலன் தோன்றுகிறான். அவனைக் காணும்போது ஷேக்ஸ்பியரின் இயாகோ நினைவிற்கு வருவது இயல்பே. தம் ஞானாசிரியராகிய கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளைச் சுந்தர முனிவர் என்னும் பாத்திரமாக்கி வணங்குகிறார் ஆசிரியர். பகைக்குக் காரணமாக நாஞ்சில் நாட்டு உரிமையை அமைக்கிறார். சேர மன்னன் புருடோத்தமனுக்குத் தலைநகராக இத்திருவனந்தபுரத்தையே அமைக்கிறார். பாண்டி நாட்டிற்கும் மலைநாட்டிற்கும் இடையே நின்ற ஒரு குடிபெயர்ந்த தமிழரின் உள்ளம் அன்றி வேறு எவ்வுள்ளம் இவ்வாறு கதை அமைக்க வல்லது?

யாப்பிலும் அவர் ஆழ்ந்து சிந்தித்தார். ஷேக்ஸ்பியர் இயைபுத்தொடையற்ற யாப்பில் நாடகம் எழுதினார். தமிழில் அதற்கு நிகராவது எது? வெண்பாவும் விருத்தமும் உரையாடலுக்கு இடர் செய்யும். ஆகவே, சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பெரிதும் பயின்ற, பேச்சோசைக்கு இயைந்த, வேண்டிய அளவு நீளவல்ல அகவற்பாவைத் தேர்ந்தார். ஐந்து அங்கமும் இருபது களமுமாக நாடகத்தை வகுத்தார். நாடகத்தின் உள்ளே 'சிவகாமி சரிதம்' என ஒரு கிளைக்கதையும் வைத்தார். அது கோல்ட்ஸ்மித்தின் 'துறவி' என்னும் கதைப்பாடலைத் தழுவியது. இந்நாடகத்தின் தொடக்கத்தில் அமைந்த தமிழ்த் தெய்வ வணக்கத்தின் பகுதியே 1970-இல் தமிழ்நாட்டு அரசு விழாக்களுக்குரிய வாழ்த்துப் பாடலாயிற்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலெல்லாம் ஒலிக்கும் அவ்வாழ்த்து, தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்த ஒருவர், ஆங்கிலக் கல்வியின் பயனாக எழுதிய நாடகத்தின் வாயிலில் பிறந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கின்றோமா?

மற்றொருவராகிய சி. வி. ராமன் பிள்ளை, வால்டர் ஸ்காட்டின் வரலாற்று நாவல்களில் தோய்ந்தவர். 'ஐவன்ஹோ' காட்டிய வழியில் திருவிதாங்கூர் வரலாற்றை எடுத்துக்கொண்டு மலையாளத்தின் முதல் வரலாற்று நாவலைப் படைத்தார். ஆக, ஒரே கல்லூரி, ஒரே ஆண்டு, இரண்டு மொழிகள், இரண்டு முன்னோடி நூல்கள். இன்னும் ஓர் ஒற்றுமை உண்டு. சுந்தரம் பிள்ளை பேரூர்க்கடையில் தமக்குக் கிடைத்த நிலத்திற்கு 'ஹார்விபுரம்' எனப் பெயரிட்டார். ராமன் பிள்ளை தம் இல்லத்திற்கு ராஸ் துரையின் பெயரால் 'ராஸ்கோட்' எனப் பெயர் சூட்டினார். வீட்டு வாயிலில் ஆங்கில ஆசிரியரின் பெயர். வீட்டிற்குள் எழுதிய நூலில் தாய்மொழி. நன்றியறிதலும் தன்மானமும் ஒருங்கே வாழ்ந்த இல்லங்கள் அவை.

சுந்தரம் பிள்ளை 1897-இல் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவர் தமிழ் நாடகத்தோடு நின்றாரல்லர். திருவிதாங்கூரின் பண்டை அரசர்களைக் கல்வெட்டுகள் கொண்டு ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதினார். திருஞானசம்பந்தரின் காலத்தை வரையறுத்தும் ஆங்கிலத்தில் எழுதினார். உலகோர்க்குத் தமிழைச் சொல்ல ஆங்கிலம். தமிழர்க்கு உலகைச் சொல்லத் தமிழ். இதுவே அவர் கண்ட நெறி.

சாளரம் வழியே உலகம்

ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே 1827-இல் தம் இளைய நண்பரிடம் உரையாடியபோது, நாட்டு இலக்கியம் என்னும் எல்லை குறுகிவிட்டது, உலக இலக்கியத்தின் காலம் வந்துகொண்டிருக்கிறது என்னும் கருத்தை வெளியிட்டார். அப்போது அவர் படித்துக்கொண்டிருந்தது ஒரு சீன நாவல். அதற்கு முன்பே காளிதாசனின் சாகுந்தலத்தை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்து அவர் உள்ளம் உருகியதும் உண்டு. உலக இலக்கியம் என்பது மேற்கிலிருந்து கிழக்கிற்கு மட்டும் ஓடும் ஆறு அன்று என்பதற்கு இஃது ஒன்றே போதும்.

தமிழர்க்கு உலக இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலச் சாளரம் வழியாகவே தெரிந்தது. நாஞ்சில் நாட்டுத் தேரூரில் தோன்றி, இந்நகரின் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். பாரசீகக் கவி உமர் கய்யாமை அவர் பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம் வாயிலாகப் பெற்றார். புத்தர் பெருமானின் வரலாற்றை எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியம் வாயிலாகப் பெற்று 'ஆசிய ஜோதி' ஆக்கினார். அவ்விரு நூல்களையும் படிப்போர், இவை வேற்று மொழியிலிருந்து வந்தவை என்பதையே மறந்துவிடுவர். ருஷ்ய, பிரெஞ்சுக் கதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கித் தந்த புதுமைப்பித்தனும், நோயுற்று 1948-இல் தம் இறுதி மூச்சை விட்டது இத்திருவனந்தபுரத்தில்தான்.

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937-இல் தோன்றியது. கேரள மாநிலம் உருவானபின் 1957-இல் கேரளப் பல்கலைக்கழகமாயிற்று. வள்ளல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் அங்குத் தமிழ்த்துறையும் வலுப்பெற்றது. பேரறிஞர் வையாபுரிப் பிள்ளை 1951 முதல் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். மார் இவானியோஸ் கல்லூரி 1949-இல் எழுந்தது. அக்கல்லூரியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவர் டி. கே. துரைசாமி. தமிழுலகம் அவரை 'நகுலன்' என்று அறியும். கும்பகோணத்தில் பிறந்து இளமையிலேயே இந்நகருக்கு வந்து 2007-இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தவர் அவர். வகுப்பறையில் ஆங்கிலக் கவிதை. வீடு திரும்பியபின் தமிழ் நாவல். நிகழ்ச்சிகளின் அடுக்கை விடுத்து நினைவின் ஓட்டத்தைப் பின்தொடர்ந்த அவருடைய 'நினைவுப்பாதை' 1972-இல் வெளிவந்தது. அதற்கு முன் 1968-இல் அவர் தொகுத்த 'குருக்ஷேத்திரம்', புதிய எழுத்தாளர் பலர்க்குக் களமாயிற்று. அவரைச் சூழ்ந்த நட்பு வட்டத்தில் மின்வாரியப் பொறியாளர் நீல. பத்மநாபனும், சாலைக் கடைத்தெருவில் வாணிகம் புரிந்த ஆ. மாதவனும் இருந்தனர். பிற்காலத்தில் இருவரும் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றனர். ஓர் ஆங்கில ஆசிரியர் கற்ற கல்வி, கல்லூரி மதிலைத் தாண்டிக் கடைத்தெரு வரை பரவியமைக்கு இஃது ஒரு சான்று.

மலையாளத்திலும் இதுவே நிகழ்ந்தது. கேரளப் பல்கலைக்கழக ஆங்கிலக் கழகத்தின் இயக்குநராக விளங்கிய ஐயப்ப பணிக்கர், எலியட்டைக் கற்பித்ததோடு 1960-இல் வெளியான தம் 'குருக்ஷேத்திரம்' என்னும் கவிதையால் மலையாளக் கவிதைக்குப் புதுநெறி வகுத்தார்.

ஒரு மொழி போதுமா?

இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை விளங்கும். ஆங்கில இலக்கியம் கற்றோர் ஆயிரவர். பெயர் நிலைத்தோர் சிலர். அச்சிலர் அனைவரும் ஆங்கிலத்தைக் கற்றுத் தாய்மொழியில் விளைவித்தோர்.

அயலிலும் இதற்குச் சான்று உண்டு. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் 1929-இல் பிறந்தவர் ஏ. கே. ராமானுஜன். ஆங்கில இலக்கியம் கற்று, கொல்லத்திலும் பிற ஊர்களிலும் அதனையே கற்பித்து, பின்னர் அமெரிக்கா சென்றார். சிகாகோப் பல்கலைக்கழக நூலகத்தில் 1962-இல் அவர் கையில் குறுந்தொகை அகப்பட்டது. வீட்டில் தாயிடம் கேட்ட தமிழ் அவரிடம் உயிரோடு இருந்ததால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அப்பாடல்கள் அவரோடு பேசின. அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1967-இல் வெளிவந்து சங்கத் தமிழின் அருமையை உலகோர்க்கு உணர்த்தியது. வீட்டில் அத்தமிழ் இல்லாதிருந்தால், நூலகத்தில் அந்நூல் இன்னொருவர் எடுக்கும்வரை தூசு படிந்து கிடந்திருக்குமன்றோ?

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுக் கூகி வா தியாங்கோ, 1968-இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையையே மாற்றியமைக்க வேண்டும், ஆப்பிரிக்க இலக்கியம் நடுவே நிற்க வேண்டும் என்று தம் தோழர் இருவரோடு குரல் எழுப்பினார். பின்னர்த் தம் தாய்மொழியாகிய கிகூயுவில் நாவல் எழுதலானார். அவர் வாதிட்டுக் கேட்ட தன்மானத்தைச் சுந்தரம் பிள்ளை வாதமின்றியே 1891-இல் எழுதிக் காட்டினார்.

இப்போது நம் நிலைமையை நோக்குவோம். நம் பிள்ளைகள் பலர் தமிழைக் கேட்டால் அறிவர், பேசவும் வல்லர், ஆனால் படிக்க அறியார். பள்ளியில் மலையாளமும் இந்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழெழுத்து வீட்டில் கற்பிக்கப்பட்டாலன்றி அவர்களுக்கு வாய்ப்பதில்லை. பாட்டி எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க இயலாத நிலை ஒரு குடும்பத்தில் தோன்றுமானால், அக்குடும்பத்தில் ஒரு கதவு அடைபட்டதாகவே பொருள். அத்தகைய பிள்ளை ஆங்கில இலக்கியம் கற்றால், சாசர் முதல் சினுவா அச்சிபி வரை அனைத்தையும் பயில்வான்; மொழிபெயர்ப்பியலும் பயில்வான். ஆனால் எதிலிருந்து எதற்கு மொழிபெயர்ப்பான்?

குறை ஆங்கிலத்தின் மீதன்று. ஆங்கில இலக்கியத்தை விரும்பும் பிள்ளையைத் தடுப்பது தவறு. ஆசிரியப் பணி, இதழியல், பதிப்பு, மொழிபெயர்ப்பு, அரசுத் தேர்வுகள் என அப்படிப்பிற்கும் வழிகள் உண்டு. பொறியியலைப் போல உடனே ஊதியம் தரும் என்று உறுதி கூறுதல் இயலாது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இரண்டு மொழியில் ஆழ்ந்தவன் ஒரு மொழியில் மட்டும் தேர்ந்தவனைவிட எங்கும் ஒரு படி உயர்ந்தே நிற்பான். கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024-இல் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியுள்ளது. அதில் ஒரு துறையை முதன்மையாகவும் வேறு துறையைத் துணையாகவும் பயில இடம் உண்டு. யூனிவர்சிட்டி காலேஜில் தமிழ்த்துறையும் இருக்கின்றது. ஆங்கிலத்தை முதன்மையாகக் கொள்ளும் நம் பிள்ளை, கல்லூரியில் வாய்ப்பு அமையுமிடத்துத் தமிழையும் உடன் கொள்ளுமாறு பெற்றோர் அறிவுறுத்தலாம். வாய்ப்பு அமையாவிடில், நம் சங்கம் அதனை அமைத்துத் தரலாம்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. வாரத்தில் ஒரு மாலை, ஒரு கரும்பலகை, தமிழறிந்த முதியோர் ஒருவர் போதும். எழுத்தறிந்த பின், கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஆண்டிற்கு ஓர் ஆங்கிலக் கதையைத் தமிழாக்கட்டும். ஒரு தமிழ்க் கதையையோ மலையாளக் கதையையோ ஆங்கிலமாக்கட்டும். பிழைகள் இருக்கும், முதியோர் திருத்துவர். திருந்திய படிகளுக்கு நம் ஆண்டு மலரில் நான்கு பக்கம் ஒதுக்குவோம். மதுரையிலிருந்து வந்து ஆலப்புழையில் வாழ்ந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர் வாய்த்தமையால் தமிழுக்கு ஒரு மனோன்மணீயம் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு ஹார்விகள் கல்லூரியில் கிடைப்பர். நாராயணசாமிப் பிள்ளைகளை நாமே தேடித் தருதல் வேண்டும்.